பின்பக்கம் திருப்பிய இரண்டு குழாய்கள்

1

இந்தக் கதை ஒரு பெஞ்சில் பிறந்தது. மாடியில், நீளமான நடைக்கூடத்தில் போட்டிருந்த பெஞ்சு. அதற்கு ஒரு கால் குட்டை. ஒரு முனையில் இருப்பவர் எழுந்தால் மறுமுனையில் இருப்பவர் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். எதிரே மூடிய கதவு. அன்றைய விசாரணையின் பொருளைத் தட்டச்சு செய்து கதவில் ஒட்டியிருந்தார்கள்: "மேற்படி உரை யாரை நோக்கி ஆற்றப்பட்டது?"

என் பக்கத்தில் இருந்தவர் மைக் செட்காரர். கூட்டங்களுக்குக் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகள் அவருடையவை. அதனால் ஊருக்கே அவர் குழாய்க்காரர். கதையும் அவருடையதுதான். அந்த பெஞ்சில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது கேட்காதீர்கள். சொல்லத்தான் போகிறேன். இப்போதே சொன்னால் அவரை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

[அன்று மாலை மைதானத்தில் திரண்டிருந்த மக்கள் கடலின் நடுவே—]

அடித்துவிட்டேன். கடலும் இல்லை, குளமும் இல்லை. நானூறு பேர் இருந்திருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர் எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இரண்டாவது:

[அநியாயம் நடக்கும் இடத்தில் ஒலிபெருக்கி மட்டும் நடுநிலை வகிக்க முடியுமா? முடியாது! ஏனென்றால்—]

இதுவும் போயிற்று. மேடைக்கு எழுதிப் பழகிய கை இது. மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை கைதட்டலுக்கு இடம் விடும். பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

மூன்றாவது தடவை, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

மைதானத்துக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினாறு வீடுகள். பேருந்து நிலையத்தைப் பெரிதாக்க அந்த இடம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். அடுத்த வாரமே, இடம் கேட்ட கட்சியின் தலைவர் அந்த மைதானத்தில் கூட்டம் போட்டார். மேடையின் முதுகு வீடுகளைப் பார்த்திருந்தது. கூட்டம் முடிந்து மூன்று நாளில் பதினோரு வீடுகளில் பூட்டுத் தொங்கியது. யாரும் கல் எறியவில்லை, யாரும் யாரையும் தொடவில்லை. ஒரு பேச்சு நடந்தது, அவ்வளவுதான். மிச்சமிருந்த ஐந்து வீட்டுக்காரர்கள், எங்களை மிரட்டினார்கள் என்று புகார் கொடுத்தார்கள். தலைவர் தன் தொண்டர்களிடம்தான் பேசினார், பின்னால் இருக்கும் வீடுகளிடம் பேசவில்லை என்று தலைவர் தரப்பு சொன்னது. அது சரி என்று முடிவானால் புகார் தள்ளுபடி. அந்த ஐந்து வீட்டுக்கும் போட்டிருக்கும் போலீஸ் காவலும் அதோடு போய்விடும்.

இதில் கைதட்ட இடமில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

இனி அந்த வாக்கியம். தலைவர் பேசியது நாற்பது நிமிடம். வழக்கு முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தில் நிற்கிறது. விசாரணைக்குக் கொடுத்த மூன்று கைபேசிப் பதிவுகளிலும் அது இப்படித்தான் கேட்கிறது:

"நா———— பொறுமையா இருக்கோம். பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு. அது எவ்வளவுன்னு பாக்க யாரும் ஆசைப்பட வேணாம்."

அந்தக் கோடு இருக்கும் இடத்தில் மைக் ஊளையிட்டது. ஒன்றரை விநாடி. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நம் மொழியில் ஒரு வசதி உண்டு, உங்களுக்குத் தெரியாததல்ல. 'நாம சாப்பிடலாம்' என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கும் தட்டு இருக்கிறது. 'நாங்க சாப்பிடப் போறோம்' என்றால் நீங்கள் செருப்பைத் தேட வேண்டியதுதான். தலைவர் சொன்னது 'நாம' என்றால், எதிரே உட்கார்ந்திருந்த தன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு நிதானமாக இருங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறார். 'நாங்க' என்றால் எதிரே இருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறார்கள். அப்படியானால் அவர் யாரிடம் பேசினார்? முதுகுக்குப் பின்னால் இருந்த பதினாறு சன்னல்களிடம்.*

* 'இருக்கோம்' என்ற வினையை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தமிழாசிரியர் யாராவது கேட்கக்கூடும். முடியாது ஐயா. நாம இருக்கோம், நாங்க இருக்கோம், இரண்டுக்கும் அதே ஓம்தான். விசாரணை அதிகாரியும் ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்.

தலைவர் தரப்பு தாக்கல் செய்த தட்டச்சுப் பிரதியில் 'நாம்' என்று இருக்கிறது.

4

குழாய்க்காரருக்குத் தொழிலில் இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, அவர் மைக் ஊளையிடாது. மற்றவர்கள் கூட்டத்தில் பேச்சாளர் தொண்டையைச் செருமினாலே விசிலடிக்கும். இவர் கூட்டத்தில் இருபது வருடமாக அது நடந்ததில்லை. எங்கே ஊளை தொடங்கும் என்று பார்த்து, ஆம்ப்ளிஃபயரின் ஒலித் திருகை அதற்கு ஒரு மயிரிழை கீழேயே நிறுத்தி வைத்திருப்பார். இரண்டாவது பிடிவாதம், வீட்டுச் சன்னலைப் பார்த்துக் குழாய் கட்ட மாட்டார். ஆள் இருக்கிற பக்கம் குழாய் பார்க்கலாம், வீடு இருக்கிற பக்கம் பார்க்கக் கூடாது, உள்ளே யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருக்கும் என்பார்.

அன்று ஆறு குழாய்கள். நாலு முன்பக்கம். இரண்டு மேடைக்குப் பின்னால் இருந்த கம்பங்களில், சாலையைப் பார்த்து. அவர் மனைவி கீழே ஒயரைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் இருவரும்தான் வேலை பார்ப்பார்கள். தலைவர் வருவதற்கு அரை மணி முன்பு ஒருவர் வந்து, பின்னால் இருக்கிற இரண்டையும் வீடுகள் பக்கம் திருப்பச் சொன்னார்.

"அந்தப் பக்கம் ஆளே இல்லையே சார்."

"வீடு இருக்குல்ல?"

அவருக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எழுதினால் அவரை நல்லவராக்கிவிடலாம். ஒரு பிரதியில் அப்படியும் எழுதிப் பார்த்தேன். ஆனால் அவரே பெஞ்சில் என்னைத் திருத்தினார். புரிஞ்சுதான் சார் ஏறினேன் என்றார். தலைவர் கூட்டம் கைவிட்டுப் போனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு கூட்டம் கிடைக்காது. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

நட்டைத் தளர்த்திக் குழாயைத் திருப்பினார். திருப்பியபோது அது ஒன்பதாம் எண் வீட்டின் சன்னலுக்கு நேராகப் போய் நின்றது. சன்னலில் ஒரு பெண் துவைத்த துணியை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கம்பத்தின் மேலே பார்த்ததும் சிரித்தாள், கையை ஆட்டினாள்.

அவளும் தெரிய வேண்டிய ஆள்தான். குழாய்க்காரரின் ஒரே தங்கச்சி. அவரும் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனர் இருந்த கையை ஆட்டினார். பிறகு நட்டை முடுக்கினார்.

[அந்தக் கையசைப்பில் இருந்த—]

வேண்டாம். கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

5

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. குழாயைத் திருப்பச் சொன்ன ஆள். இதுவரை அவனை 'ஒருவர்' என்று மரியாதையாக ஒளித்து வைத்திருக்கிறேன். அவன் இன்னொரு காட்சியிலும் வருகிறான்.

புகார் பதிவான பிறகு குழாய்க்காரருக்குச் சம்மன் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஆள் அவர் கடைக்குப் போனான். கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே அடுக்கிய குழாய்கள், சுருட்டிய ஒயர்கள், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்கார்ந்து, விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தான். அன்று காற்று பலமாக இருந்தது, குழாய்கள் காற்றில் திரும்பிவிட்டன, யாரும் திருப்பச் சொல்லவில்லை. மூன்றே வாக்கியம், மனப்பாடம் செய்ய வசதியாக.

குழாய்க்காரர் தாளை வாங்கிப் படித்தார். அவர் மனைவிதான் மூலையிலிருந்து கேட்டாள்.

"ஸ்பேனர் போட்டு முடுக்கின நட்டு எந்தக் காத்துக்கு சார் திரும்பும்?"

வந்தவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அதிகாரிக்கு நட்டைப் பற்றி என்ன தெரியும் என்று எதையோ சொல்லிச் சமாளித்தான். சொன்னது தனக்கே நன்றாக இல்லை என்று தெரிந்தும் எழுந்து போனான்.

அந்த ஆள் நான்தான். தலைவரின் பேச்சுகளை எழுதுவது என் வேலை. அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். குழாயைத் திருப்பச் சொன்னவன் நான், மேலிடத்தின் ஆணை என்றாலும் சொன்ன வாய் என்னுடையது. காற்று வீசியதாக எழுதியதும் நான். விசாரணைக்குப் போன பிரதியில் 'நாம்' என்று தட்டச்சு செய்ததும் நானேதான். குழாய்க்காரர் வாயில் சொற்களை வைப்பது எனக்குப் புதிதில்லை. இப்போது கதை எழுதுகிறேன் பேர்வழி என்று மறுபடியும் அதையே செய்கிறேனா என்று பயமாக இருக்கிறது.

கையால் எழுதிய மூலப் பிரதி என் சட்டைப் பையில், நாலாக மடித்து இருக்கிறது. அதைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார்கள். ஏன் கிழிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை. மனசாட்சி என்று சொன்னால் நம்பாதீர்கள். சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம்.

6

கூட்டம் முடிந்த நாலாம் நாள் குழாய்க்காரர் தங்கச்சி வீட்டுக்குப் போனார். இதை நான் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

இரண்டு பக்கத்து வீட்டிலும் பூட்டு. இவள் மட்டும் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாள் எங்களோடு வந்து இரும்மா என்று அவர் கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. தலைவர் என்ன பேசினாரென்றே உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது, அதுக்குப் போய் ஏன் பயப்படணும் என்று அவர் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"வார்த்தை கேக்கலண்ணா. கேக்கணுமா? எங்க வீட்டுச் சன்னலுக்கு நேரா உன் குழாய் நின்னுச்சு. நீதான் நிப்பாட்டின. நான் கூறுகெட்டவ, உனக்குக் கையக் காட்டினேன்."

அவர் சாப்பிடாமல் திரும்பிவிட்டார். அவளும் சாப்பிடச் சொல்லவில்லை. அவரை அறுத்தது அந்தப் பேச்சு முழுவதும் அல்ல, அதில் ஒரே ஒரு சொல்தான்.

"கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருசம் சார். எங்கிட்ட பேசுறப்ப 'நம்ம வீடு'ன்னுதான் சொல்லுவா. அன்னைக்கு 'எங்க வீடு'ன்னுட்டா."

நான் பேச்சு எழுதிப் பிழைப்பவன். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் அன்று எழுதினேன். ஆனால் அது போய் ஒரு அடுப்படியில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது வெட்கமாக இருந்தது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை விசாரணைக்காரர்கள் யாரும் இதுவரை கேட்கவில்லை. யாரும் கேட்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

"மைக்கு தானா ஊளையிடல சார். நான்தான் ஏத்தினேன்."

தலைவர் பேச்சை நிறுத்தினார், மேசையிலிருந்த தண்ணீரை எடுப்பதுபோல வீடுகள் பக்கம் பாதி திரும்பினார். அந்தத் திரும்பலைப் பார்த்ததுமே இவருக்கு விளங்கிவிட்டது, வரப்போவது அந்தச் சன்னலுக்குத்தான் என்று. அவள் காதில் விழக் கூடாது என்று மட்டும் தோன்றியது. திருகை ஒரு மயிரிழை ஏற்றினார். இருபது வருடத்தில் முதல்முறையாக அவர் மைக் ஊளையிட்டது.

தங்கச்சியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்தார். அவளுக்கு இருந்த ஒரே சாட்சியை அந்தத் திருகால் தானே அழித்துவிட்டார். மூன்று கைபேசியிலும் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் பாசம்தான் ஊளையிட்டுக்கொண்டிருக்கிறது. இது அவளுக்குத் தெரியாது. மைக்கும் சதி செய்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ. குழாய்க்காரர் உள்ளே போய்க் காற்று என்கிறார். அதிகாரி எழுதிக்கொள்கிறார். புகார் தள்ளுபடி. அடுத்த மாதமே ஒன்பதாம் எண் வீட்டிலும் பூட்டு. தலைவரின் அடுத்த கூட்டத்துக்கு அவர்தான் மைக் செட், நான்தான் பேச்சு. [இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர்—] இதை இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆ. அவர் உண்மையைச் சொல்கிறார், என்னைக் கைகாட்டுகிறார். என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரதியில் 'நாம்' என்றுதானே இருக்கிறது என்கிறேன். எழுதத் தெரிந்தவன் பேச்சும் குழாய் கட்டுகிறவன் பேச்சும் எதிரெதிரே நின்றால் எது எடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த முடிவை ஐந்தே நிமிடத்தில் எழுதினேன். அத்தனை சரளமாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

இ. அவருக்கு முன்னால் நான் எழுந்து போய் மூலப் பிரதியை மேசையில் வைக்கிறேன். அழகான முடிவு. படிக்கிறவர்களுக்கு என்மேல் மரியாதை வரும். அதனால்தான் அடித்துவிட்டேன். இந்தக் கதை யாரை நோக்கி என்று அந்த அதிகாரி கேட்டால், என்னை நல்லவன் என்று நம்பக்கூடியவர்களை நோக்கி என்று சொல்ல வேண்டியிருக்கும்.

8

ஆகவே நடந்ததை மட்டும், நடந்த வரைக்கும்.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. குமாஸ்தா தலையை நீட்டி, அடுத்தது மைக் செட், புகார் கொடுத்தவங்க யாராவது ஒருத்தர் கூட வரலாம், அதுக்கப்புறம் பேச்சு எழுதினவர் என்று வரிசை சொன்னார். தலையை இழுத்துக்கொண்டாரே தவிரக் கதவை மூடவில்லை.

கூடத்தின் மறுகோடியில் ஐந்து வீட்டுக்காரர்களும் நின்றிருந்தார்கள். தங்கச்சி அங்கிருந்து வந்து, அண்ணனிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கதவையே பார்த்தாள்.

குழாய்க்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கடையில் நான் எழுதிக்கொடுத்த மூன்று வாக்கியங்கள். அதை என் மடியில் வைத்தார், கோபமாகக்கூட இல்லை, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

"சார், அந்த ஊளை வந்த இடத்துல நீங்க என்ன எழுதியிருந்தீங்க?"

தங்கச்சி இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். என் கை தானாகப் பைக்குப் போயிற்று, மடித்த தாளின் விளிம்பைத் தொட்டது, அங்கேயே நின்றுவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்தார். பெஞ்சு என் பக்கம் சாய்ந்தது. விழாமலிருக்க நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தங்கச்சியைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். என்னிடம் அவர் சொன்னது இது:

"நா———— உள்ள போய் உள்ளதச் சொல்லிடுவோம்."

இல்லை, கூடத்தில் ஊளை எதுவும் கேட்கவில்லை. மின்விசிறிகூட ஓடவில்லை. அவர் சொன்ன சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இந்தக் கோட்டைப் போட்டவன் நான்.

'நாங்க' என்றிருந்தால் அண்ணனும் தங்கச்சியும் உள்ளே போகிறார்கள். குழாயைத் திருப்பியதையும் மைக்கை ஊளையிட வைத்ததையும் அவள் முன்னாலேயே அவர் சொல்வார். நான் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவன். 'நாம' என்றிருந்தால், அத்தனைக்கும் பிறகு அந்த மனிதர் என்னையும் சேர்த்துக்கொண்டார். இரண்டில் எதுவானாலும் அவர் உண்மையைச் சொல்லத்தான் போகிறார். அதை நான் மாற்ற முடியாது, நீங்களும் முடியாது.

கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் வாசற்படியில் நிற்கிறார்கள். பெஞ்சு சாய்ந்தபடி இருக்கிறது, நாலாக மடித்த தாள் என் பையில் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் என்ன சொல் என்று நீங்களே எழுதுங்கள். எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்கள், ஏனென்றால் நான் எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.